காந்தி பஜாரா, லால்பாக் சாலையா?

பெங்களூருவில் ஒரே ஒரு காலை வேளைதான் கையில் இருக்கிறது என்றால் எங்கே போய்ச் சாப்பிடுவது? தமிழ்நாட்டிலிருந்து அந்த ஊருக்குப் போய் வருகிறவர்கள் ஒருவரையொருவர் தவறாமல் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. நேர்முகத் தேர்வுக்குப் போகும் பையன், மகள் வீட்டுக்குப் பேரனைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டி, வாரக் கடைசியில் நண்பனின் அறையில் தங்கப் போகும் கல்லூரி மாணவர்கள் என்று யார் கேட்டாலும் முதலில் வந்து விழுவது இரண்டு பெயர்கள். ஒன்று, பசவனகுடி காந்தி பஜாரில் இருக்கும் வித்யார்த்தி பவன். மற்றது, லால்பாக் சாலையில் இருக்கும் மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்கிற எம்.டி.ஆர்.

இரண்டுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர், மிஞ்சிப்போனால் இரண்டரை. ஆட்டோ ஏறினால் பத்து நிமிடத்தில் போய்விடலாம். அப்படியானால் இரண்டிலும் சாப்பிட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். இரண்டிலும் காத்திருந்துதான் உட்கார வேண்டும், இரண்டிலும் நெய் தாராளமாக ஓடும். ஒன்றில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால், அங்கே எது வைத்தாலும் நாக்கு ஒப்புக்கு ருசி பார்க்குமே தவிர அனுபவிக்காது. எனவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

நல்ல கடைக்கும் சுமாரான கடைக்கும் நடுவே என்றால் இதற்கொரு கட்டுரையே தேவையில்லை. இங்கே ஒன்று 1924-ல் தொடங்கியது, மற்றொன்று 1943-ல். இரண்டிலும் இன்றைக்கும் விடிகாலையிலேயே வாசலில் கூட்டம் நிற்கிறது. இரண்டையும் நடத்தியவர்களின் பூர்வீகம்கூட ஒரே வட்டாரம், உடுப்பிக்கும் குந்தாபுரத்துக்கும் இடைப்பட்ட கடற்கரை. இப்படி எல்லா வகையிலும் சமமாக நிற்கும் இரண்டில் ஒன்றை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் விஷயம்.

புகழ்ச்சியில் ஒன்று, புகாரில் வேறு

கைபேசியை எடுத்து நட்சத்திரங்களைப் பார்த்தால் முடிந்தது என்று நினைக்கிறோம். பார்த்தால், இரண்டுமே நான்குக்கு மேல். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு காலை வேளையை முடிவு செய்வதில் அர்த்தமே இல்லை. சரி, எழுதியிருப்பதைப் படிப்போம் என்று இறங்கினால் இன்னும் குழப்பம். ‘அருமை’, ‘பெங்களூரு போனால் தவறவிடாதீர்கள்’, ‘அந்தக் கால ருசி’ என்று பக்கம் பக்கமாகப் போகிறது. கடையின் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு படித்தால் எது எந்தக் கடையைப் பற்றியது என்று சொல்ல முடியாது. மனம் நிறைந்து சாப்பிட்டவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள்.

குறை சொல்கிறவர்கள் அப்படியில்லை. அவர்கள் நுணுக்கமாக எழுதுகிறார்கள். எனவே நான் எந்த ஊருக்குப் போனாலும் ஒன்றிரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்களைத்தான் முதலில் படிப்பேன். வித்யார்த்தி பவனைப் பற்றி என்ன குறை? சாம்பார் தரவில்லை. தோசை சின்னதாக, தடியாக இருக்கிறது. நெய் அதிகம். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். சாப்பிட்டு முடித்து நிம்மதியாக நாலு வார்த்தை பேச விடவில்லை, அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறார். எம்.டி.ஆரைப் பற்றி என்ன? பெயர் கொடுத்துவிட்டு நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கேட்டது மெதுவாக வருகிறது. ஒரு தோசைக்கும் காபிக்கும் இந்த விலையா. பேர் பெரிதாக இருக்கிறதே, தோசை அந்த அளவுக்கு இல்லையே.

இந்தக் குறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு கடைகளும் எவ்வளவு வேறானவை என்பது உடனே தெரிந்துவிடும். ஒரு கடைக்கு எழுபது, எண்பது வருடமாக ஒரே குறையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், கடைக்காரரும் அதை மாற்றாமலே இருக்கிறார், அப்படியும் கூட்டம் குறையவில்லை என்றால், அந்தக் குறைதான் கடையின் குணம். அது உங்களுக்குப் பொருட்டில்லை என்றால் அந்தக் கடை உங்களுக்கானது. அதைத் தாங்க முடியாது என்றால் எத்தனை ஆயிரம் பேர் புகழ்ந்திருந்தாலும் அங்கே போகாதீர்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். வண்டி நிறுத்த இடமில்லை, மழையில் நனைந்தோம் என்பதெல்லாம் எழுதியவரின் அன்றைய பொழுதைப் பற்றியவை, தள்ளிவிடலாம். எண்ணெய் வாடை, கழுவாத தட்டு, வயிற்றுக் கோளாறு என்று சமீப மாதங்களில் பலர் எழுதியிருந்தால், அது எவ்வளவு பழைய கடையாக இருந்தாலும் போகக் கூடாது. இதில் இரக்கம் காட்ட ஒன்றுமில்லை.

பசவனகுடியின் தோசை

பசவனகுடி பெங்களூருவின் பழைய பேட்டைப் பகுதியிலிருந்து பிறந்தது. 1898-ல் பிளேக் நோய் அந்த ஊரைச் சூறையாடியபோது, நெருக்கடியான பேட்டையிலிருந்து மக்களை வெளியே குடியமர்த்துவதற்காகத் திட்டமிட்டு அமைத்த இரண்டு குடியிருப்புகள் மல்லேஸ்வரமும் பசவனகுடியும். நேர்கோட்டுத் தெருக்கள், மரங்கள், கோயில், பள்ளிக்கூடம், சந்தை என்று எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கும்படி அமைந்த பகுதி. அதன் கடைத்தெருதான் காந்தி பஜார். இன்றைக்கும் பூக்கடை, காய்கறி, பூஜைச் சாமான் என்று காலையிலேயே களைகட்டிவிடும். கார்த்திகை மாதக் கடைசித் திங்களை ஒட்டி அருகிலிருக்கும் தொட்ட பசவண்ணன் கோயில் தெருவில் நிலக்கடலைத் திருவிழா நடக்கும், அப்போது அந்தப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது.

அங்கே 1943-ல் வெங்கடரமண உரால என்பவர் தொடங்கியது வித்யார்த்தி பவன். சுற்றிலும் பள்ளிக்கூடங்கள். மாணவர்களுக்கு மலிவாகச் சிற்றுண்டி தருவதுதான் நோக்கம், பெயரும் அதனால் வந்ததே. 1970-ல் ராமகிருஷ்ண அடிகா அதை வாங்கி நடத்த ஆரம்பித்தார். பொறியியல் படித்த அவருடைய மகன் அருண்குமார் அடிகா வேலையை விட்டுவிட்டு வந்து இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு தோசைக் கடை இரண்டு குடும்பங்களின் கையில் எண்பது ஆண்டுகளைக் கடந்திருக்கிறது. இடையில் அதைப் பெரிதாக்கி, குளிரூட்டி, ஊரெங்கும் கிளை பரப்பும் ஆசை எந்தக் கடைக்காரருக்கும் வரக்கூடியது. காந்தி பஜார் கடையோ இன்றைக்கும் அதே சிறிய கூடமாகத்தான் இருக்கிறது.

பசவனகுடி கன்னட எழுத்தாளர்களின் பேட்டை. வீட்டில் தமிழ் பேசி, கன்னடத்தில் எழுதி, ஞானபீட விருது பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் இந்தப் பகுதிக்காரர். டி.வி.ஜி. என்று ஊரே மரியாதையோடு சொல்லும் டி.வி. குண்டப்பாவின் பெயரில் காந்தி பஜாருக்குப் பக்கத்திலேயே சாலை இருக்கிறது. எழுதுகிறவர்கள், வாத்தியார்கள், பென்ஷன்காரர்கள், மாணவர்கள் எல்லாம் ஒரே மேஜையில் உட்கார்ந்து தோசை சாப்பிட்ட இடம் இது. கடையின் சுவர்களில் கன்னட எழுத்தாளர்கள், பெரியவர்களின் கோட்டோவியங்கள் மாட்டியிருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்களோடு உட்கார வைக்கிறார்கள் என்று குறைப்படுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கூடத்தின் பழக்கமே அதுதான். எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவர் நாற்பது வருடமாக அங்கே வருகிறவராக இருக்கலாம். நீங்கள் முதல்முறை வந்திருக்கிறீர்கள் என்று முகத்தைப் பார்த்தே கண்டுகொள்வார், என்ன சாப்பிட வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

உட்கார்ந்ததும் வேட்டி கட்டிய பரிசாரகர் வந்து நிற்பார். எழுதிக்கொள்ள மாட்டார், நினைவில்தான் வைத்துக்கொள்வார். பிறகு, ஒரு கை நிறையத் தட்டுகளை மணிக்கட்டிலிருந்து தோள்வரை அடுக்கிக்கொண்டு வருவார். பதினைந்துக்கும் மேற்பட்ட தோசைத் தட்டுகள் ஒரே கையில். மேஜை மேஜையாக ஒவ்வொரு தட்டையும் மறு கையால் எடுத்து வைத்தபடி, மற்றது ஒன்றும் சரியாமல் நடந்து போவதைப் பார்த்தால் சாப்பிட வந்ததே மறந்துவிடும். புகைப்படம் எடுப்பவர்கள் இதை வேடிக்கையாகப் பார்க்கிறார்கள். பல வருடப் பயிற்சியால் கைவந்த திறமை அது. தொழிலில் அந்த மனிதருக்கு இருக்கும் பெருமிதம் அவர் நடையில் தெரியும்.

இவ்வளவு தட்டுகள் ஒரே சமயத்தில் வருவதற்குக் காரணம் சமையலறையில் இருக்கிறது. பெரிய இரும்புத் தகடுபோன்ற கல்லில் வரிசை வரிசையாக ஒரே நேரத்தில் தோசை ஊற்றுகிறார்கள். ஒரு வரிசை வெந்து முடிந்ததும் மொத்தமாக வெளியே வரும். எனவே எனக்கு மட்டும் கொஞ்சம் முறுகலாக, எனக்கு மட்டும் நெய்யில்லாமல் என்று கேட்பதற்கு இங்கே இடம் குறைவு. ஐந்து நிமிடம் ஒன்றும் வராது, பிறகு கூடம் முழுவதற்கும் ஒன்றாக வரும்.

தோசை எப்படி இருக்கும்? நம் ஊர் நெய் ரோஸ்ட்டை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். மேஜையைத் தாண்டி நீளும் மெல்லிய சுருள் இங்கே கிடையாது. உள்ளங்கையை விரித்ததைவிடச் சற்றுப் பெரியது, அரைவட்டமாக மடித்தது, தடிமனானது. வெளிப்புறம் செம்பழுப்பு நிறத்தில் மொறுமொறுவென்று இருக்கும், பிட்டால் உள்ளே பஞ்சுபோல மெத்தென்று இருக்கும். இந்த இரண்டும் ஒரே தோசையில் சேர்வதுதான் பெங்களூரு மசாலா தோசையின் சிறப்பு. உள்ளே உருளைக்கிழங்கு மசாலா அடக்கமாக இருக்கும், தோசையை அமுக்காது.

அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை நம் வீட்டுச் சமையலறையில் மாவு அரைக்கிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. நம் மாவில் பெரும்பாலும் இட்லி அரிசி, உளுந்து, கொஞ்சம் வெந்தயம். பெங்களூருப் பக்குவத்தில் அரிசி உளுந்தோடு கடலைப்பருப்பு, அவல் ஆகியவற்றையும் சேர்ப்பது வழக்கம், துவரம்பருப்பு சேர்ப்பவர்களும் உண்டு. சிலர் ஊற்றும்போது ஒரு சிட்டிகை சர்க்கரையும் கலக்குகிறார்கள். மாவில் உள்ள சர்க்கரைச் சத்தும் பருப்பின் புரதமும் நல்ல சூட்டில் ஒன்றோடொன்று சேரும்போதுதான் அந்தச் செம்பழுப்பும், அதற்கே உரிய வறுத்த மணமும் உண்டாகின்றன. அவல் உள்ளே மென்மை தருகிறது. மாவை இழுத்து மெல்லிதாகத் தேய்க்காமல் சற்றுத் தடியாகவே விட்டு, மேலே நெய் விட்டு, திருப்பிப் போடாமல் ஒரே பக்கமாக வேகவிடுகிறார்கள். அடிப்பக்கம் மொறுமொறுப்பதற்கும் மேல்பக்கம் ஆவியில் வெந்ததுபோல் மெத்தென்று இருப்பதற்கும் அதுதான் காரணம். வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் சர்க்கரையைக் கூட்டிவிடாதீர்கள், தோசை சிவப்பதற்கு முன்பே கருகிவிடும்.

தோசையோடு வருவது சட்னி மட்டும். பொட்டுக்கடலை சேர்த்த, நீர்த்த, வெள்ளைத் தேங்காய்ச் சட்னி. வாளியில் எடுத்து வந்து தட்டில் ஊற்றுவார்கள். போதும் என்று சொல்லும்வரை மறுபடி மறுபடி வரும். சாம்பாரைத் தேடும் தமிழ்நாட்டு நாக்குக்கு இது முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தோசைக்குச் சாம்பார் ஆகாது என்பது என் உறுதியான கருத்து. புளியும் பருப்பும் காய்கறி வாசனையும் சேர்ந்தால் அந்த வறுத்த மணம் அடிபட்டுப் போகும். நீர்த்த சட்னி தோசையை நனைக்கும், ஆனால் அதன் ருசியோடு மல்லுக்கு நிற்காது.

லால்பாக் சாலையின் நூறு ஆண்டு

எம்.டி.ஆர். என்றதும் தமிழ்நாட்டில் நமக்கு நினைவுக்கு வருவது மளிகைக் கடை அலமாரியில் இருக்கும் குலாப் ஜாமூன் பொட்டலம். முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பொட்டலம் விற்கும் எம்.டி.ஆர். ஃபுட்ஸ் நிறுவனத்தை 2007-ல் நார்வே நாட்டின் ஓர்க்லா நிறுவனம் வாங்கிவிட்டது. உணவகம் அந்த விற்பனையில் சேரவில்லை. அது இன்றைக்கும் மையா குடும்பத்தினரின் கையில்தான் இருக்கிறது. பொட்டலத்தைச் சாப்பிட்டுவிட்டு உணவகத்தை எடைபோடாதீர்கள், உணவகத்தின் பெயரை நம்பிப் பொட்டலத்தையும் எடைபோடாதீர்கள்.

உடுப்பிக்கு அருகிலுள்ள பரம்பள்ளியிலிருந்து பெங்களூரு வந்து, வீடுகளில் சமையல் வேலை செய்த மையா சகோதரர்கள் 1924-ல் லால்பாக் பக்கத்தில் சின்னதாக ஒரு காபிக் கடை போட்டார்கள். அப்போது அதன் பெயர் பிராமின் காபி கிளப். அதே காலகட்டத்தில் அதே கடற்கரையிலிருந்து கிளம்பி, சென்னை வந்து, அடுப்படி வேலையில் தொடங்கி மேலே வந்தவர் கே. கிருஷ்ண ராவ். மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ், பிறகு 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் என்று சென்னைக்கு ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தையே கற்றுக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். நாம் நம் ஊர் ருசி என்று நினைக்கும் மசாலா தோசைக்கும் அந்தக் கரைக்கும் உள்ள உறவு நெருக்கமானது. லால்பாக் சாலையில் சாப்பிடும் தமிழர் அந்நிய ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடவில்லை.

சகோதரர்களில் ஒருவரான யக்ஞநாராயண மையா 1951-ல் ஐரோப்பா போனார். அங்கே உணவகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்து வருவதுதான் பயணத்தின் நோக்கம். அவரைக் கவர்ந்தவை சுத்தமும் ஒழுங்கும். திரும்பி வந்து, தட்டு, கரண்டி, டம்ளர்களைக் கொதிநீரில் கிருமி நீக்கும் முறையைக் கொண்டுவந்தார். வேலைக்காரர்கள் எப்படிக் கை கழுவ வேண்டும், வாடிக்கையாளர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுவரை விதிகள் வகுத்தார். சமையலறையை மறைத்து வைக்காமல் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைத்தார்கள். ஹோட்டல் அடுப்படியை எட்டிப் பார்த்தாலே சாப்பிட மனம் வராது என்ற நிலை இருந்த காலத்தில் இதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1960-ல் இப்போதிருக்கும் கட்டடத்துக்கு வந்தபோது மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

ரவா இட்லி எங்களுடையது என்று எம்.டி.ஆர். உரிமை கொண்டாடுகிறது. இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி வருவது நின்றது. தென்னிந்தியாவெங்கும் அரிசித் தட்டுப்பாடு. அரிசியில்லாமல் இட்லி எப்படிச் செய்வது என்ற நெருக்கடியில் ரவையை வைத்துச் செய்து பார்த்ததுதான் ரவா இட்லி என்கிறார்கள். அப்படிப் பஞ்சத்தில் பிறந்த பண்டம் போலவே அது இல்லை. மேலே முந்திரி, கொத்தமல்லி, கடுகு தாளித்த ரவை, தயிரின் லேசான புளிப்பு, பக்கத்தில் உருளைக்கிழங்கு சாகு, சின்னக் கிண்ணத்தில் உருக்கிய நெய். அந்த நெய்யை மொத்தமாக ஊற்றிவிடாமல், பிட்டுப் பிட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும். நம் ஊரில் ரவா இட்லி என்ற பெயரில் கிடைக்கும் பல இட்லிகள் உலர்ந்த கட்டிகளாக இருப்பதால் அதை ஒதுக்கிவிட்டவர்கள் இங்கே ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த உணவகத்தின் கதையில் என்னை மிகவும் பாதித்தது நெருக்கடி நிலைக் காலத்து நிகழ்ச்சி. ஹோட்டல் பண்டங்களின் விலையை அரசு கட்டுப்படுத்தியது. அந்த விலைக்குத் தரமான நெய், தரமான காபித்தூள், தரமான அரிசி போட்டுச் செய்தால் நட்டம் நிச்சயம். பொருளின் தரத்தைக் குறைத்து விலையைச் சமாளிப்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. எம்.டி.ஆர். அதைச் செய்யவில்லை. அரசு சொன்ன விலைக்கு அதே தரத்தில் விற்றுக்கொண்டே, அன்றன்றைக்கு எவ்வளவு நட்டம் என்பதை வாசலில் எழுதிப் போட்டார்கள். தாங்க முடியாமல் போனதும் உணவகத்தையே மூடினார்கள். வேலை இழந்த ஆட்களைத் தெருவில் விடாமல் மாவு, மசாலாப் பொட்டலங்கள் தயாரிப்பில் ஈடுபடுத்தினார்கள். பிற்பாடு பெரும் நிறுவனமாக வளர்ந்து விலைபோன பொட்டல வியாபாரம் வேகம் பிடித்தது அப்படித்தான். உணவகம் எண்பதுகளில்தான் மறுபடி திறந்தது. ருசியைக் குறைத்துக்கொண்டு கடையைத் திறந்து வைப்பதைவிடக் கதவை அடைப்பதே மேல் என்று முடிவெடுத்த ஒரு ஹோட்டலைப் பற்றி வேறெங்கே கேட்கப் போகிறோம்?

விலை அதிகம் என்று எம்.டி.ஆரைக் குறை சொல்கிறவர்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வாசல் பலகைதான் நினைவுக்கு வரும். அதற்காக அங்கே செய்வதெல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. மசாலா தோசையைப் பொறுத்தவரை குறை சொல்கிறவர்கள் பக்கம்தான் நான். நல்ல தோசை, நெய்க் கிண்ணத்தோடும் கொத்தமல்லி மணக்கும் சட்னியோடும் வருகிறது. ஆனால் காந்தி பஜார் தோசையின் அந்த மொறுமொறுப்பும் மென்மையும் சேர்ந்த லயம் அதில் இல்லை. எம்.டி.ஆரின் பலம் ஒரு தோசையில் இல்லை, ஒரு வேளைச் சாப்பாடு முழுவதிலும் இருக்கிறது. ரவா இட்லி, பிஸிபேளே பாத், பாதாம் அல்வா, வெள்ளி டம்ளரில் தருவதற்குப் பேர்போன காபி. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திரஹாரா என்ற இனிப்பு கிடைக்கும். மடிப்பு மடிப்பாகப் பொரித்தெடுத்து, பால்கோவாக் குழம்பை மேலே ஊற்றித் தருவார்கள். முதலில் ‘பிரெஞ்சு ஸ்வீட்’ என்று விற்றபோது யாரும் சீண்டவில்லையாம், ஒரு கன்னடப் படத்தின் பெயரை வைத்த பிறகு விற்பனை சூடுபிடித்ததாம்.

எம்.டி.ஆரின் மற்றொரு பலம் லால்பாக். ஹைதர் அலி 1760-ல் போட ஆரம்பித்த தோட்டம், 1889-ல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகை, முந்நூறு கோடி ஆண்டு வயதுடைய பாறைக்குன்று. விடிகாலையில் அங்கே ஒரு சுற்று நடந்துவிட்டு, பசியோடு வெளியே வந்து எம்.டி.ஆரில் பெயர் கொடுப்பது பெங்களூருக்காரர்களின் பழைய பழக்கம். காத்திருக்கும் நேரம் பசியைக் கூட்டுமே தவிர எரிச்சலூட்டாது.

யாரோடு போகிறீர்கள்?

தேர்வைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். நட்சத்திரம் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதே இல்லை. வயதான அப்பா அம்மாவையும் சின்னக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்குக் காந்தி பஜார் கூடம் சிரமம். ஒரே குடும்பம் சேர்ந்து உட்கார இடம் கிடைக்க நேரமாகும், குழந்தைக்கு ஊட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது, பாட்டிக்குச் சாம்பார் இல்லாமல் இறங்காது. அவர்களை லால்பாக் சாலைக்கு அழைத்துப் போங்கள். அங்கே ஒருவர் இட்லி, ஒருவர் தோசை, ஒருவர் பிஸிபேளே பாத் என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டிருக்கலாம். மதியச் சாப்பாட்டுக்கும் அதுவே இடம். வித்யார்த்தி பவன் டிபன் கடை, மதியத்தில் சில மணி நேரம் அடைத்துவிடுவார்கள்.

தனியாகவோ ஒரு நண்பரோடோ போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், காந்தி பஜார். ஒற்றை ஆளுக்கு அங்கே சீக்கிரம் இடம் கிடைத்துவிடும். நான்கு பேர் மேஜையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் கூப்பிட்டுவிடுவார்கள். நம்ம மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் நேஷனல் காலேஜ் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். இரவு பஸ்ஸில் வந்து சாந்திநகர் நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கோ எம்.டி.ஆர். பக்கம். கையில் பையோடு, தூக்கம் கலையாத கண்ணோடு வருகிறவருக்கு தூரம் குறைவு என்பதுகூட ஒரு நல்ல காரணம்தான்.

இந்தக் கணக்கு பெங்களூருக்கு மட்டுமானதில்லை. மதுரையிலோ கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ, புகழில் சமமாக நிற்கும் இரண்டு கடைகளுக்கு நடுவே தடுமாறும்போது, அங்கே வருபவர்கள் எந்தப் பண்டத்தின் பெயரைச் சொல்கிறார்கள், எதைக் குறை சொல்கிறார்கள் என்ற இரண்டை மட்டும் பாருங்கள். எல்லோரும் ஒரே பண்டத்தின் பெயரைச் சொன்னால் அந்தப் பண்டத்துக்காக மட்டும் போங்கள், அங்கே போய் வேறு எதையும் வாங்கி வயிற்றை நிரப்பாதீர்கள். ஆளுக்கொரு பண்டத்தைச் சொன்னால் அது கூட்டமாகப் போய் நிதானமாகச் சாப்பிட வேண்டிய இடம். அங்கே தனியாகப் போய் ஒரே ஒரு தோசை சாப்பிட்டுவிட்டு ‘அப்படி என்ன இருக்கிறது?’ என்று கேட்பது அந்தக் கடைக்கு இழைக்கும் அநியாயம். இந்த இரண்டு கடைகளைப் பற்றி எழுதப்படும் குறைகளில் பாதி இப்படி இடம் மாறிப் போனவர்களுடையவை என்று எனக்குத் தோன்றுகிறது. தோசைக்காக எம்.டி.ஆருக்கும், குடும்பத்தோடு நிதானமாகச் சாப்பிட வித்யார்த்தி பவனுக்கும் போனவர்கள் அவர்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, ஒன்றே ஒன்று என்றால் எது என்று கேட்பீர்கள். என் பதில் வித்யார்த்தி பவன். எம்.டி.ஆர். மீது எனக்கு இருக்கும் மரியாதை பெரிது, அதன் வரலாறு அதைவிடப் பெரிது. ஆனாலும் முதல்முறை போகிறவருக்கு, வேறு எந்த ஊரிலும் அதே பக்குவத்தில் கிடைக்காத ஒரு பண்டத்தைத்தான் காட்ட வேண்டும். எம்.டி.ஆருக்குச் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில்கூடக் கிளை இருக்கிறது, ரவா இட்லியை அங்கேயும் சாப்பிடலாம். அந்தச் சிவந்த தோசைக்கு நீங்கள் பெங்களூருக்குத்தான் போக வேண்டும்.

காலை ஆறரை மணிக்கே இரண்டும் திறந்துவிடும், ஏழுக்குள் போய்விட்டால் காத்திருப்பது குறையும். வித்யார்த்தி பவனுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை, எம்.டி.ஆருக்குத் திங்கட்கிழமை. டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.